பெருக்கத்துக்கு அணை போடுவது எது?

ஓர் உயிரினம் தடையின்றி விடப்பட்டால் எந்த அளவுக்குப் பெருகும் என்பதற்கு டார்வின் யானையைக் கொண்டு ஒரு கணக்குக் காட்டினார். அறியப்பட்ட விலங்குகளுள் மிக மெதுவாக இனம் பெருக்குவது யானையே என்று கருதி அதை எடுத்துக்கொண்டார். முப்பதாம் வயதில் ஈனத் தொடங்கி, தொண்ணூறு வயதுக்குள் ஆறே கன்றுகளை ஈன்று, நூறு வயது வரை வாழ்வதாக வைத்துக்கொண்டாலும், ஒரே ஒரு சோடியின் வழித்தோன்றல்கள் ஏறத்தாழ 750 ஆண்டுகளில் 1 கோடியே 90 இலட்சம் ஆகிவிடும் என்பது அவர் கண்ட விடை. யானைக்கே இப்படி என்றால் எலியையும் ஈசலையும் பற்றிக் கேட்கவா வேண்டும்? ஆயினும் எங்கள் பாபநாசம் மலையை யானைகள் அடைத்துவிடவில்லை. எலி தின்றது போக மிச்ச நெல் களத்துக்கு வந்து சேரத்தான் செய்கிறது. அப்படியானால் ஏதோ ஒன்று குறுக்கே நின்று தடுக்கிறது. அது எது?

சூழ்நிலையியல் பாடத்தில் இவ்வினாவுக்கு விடை எழுதச் சொன்னால் நாம் எல்லோரும் ஒரு பட்டியலை எழுதிவிடுவோம்: உணவு, நீர், இடம், பகைவர், நோய், தட்பவெப்பம். பட்டியலில் பிழையில்லை. ஆனால் அதை எழுதி முடித்த பிறகும் எந்த உயிரை எது தடுக்கிறது என்பது தெரியவருவதில்லை. எல்லாக் காரணிகளும் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் சம வலிமையோடு வேலை செய்வதில்லை என்பதுதான் இதில் கவனிக்கவேண்டிய செய்தி. விக்கிரமசிங்கபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலைக்காடு, கிழக்கே பார்த்தால் நெல்வயல், இரண்டையும் கோத்துக்கொண்டு தாமிரபரணி. இந்தச் சிறு எல்லைக்குள்ளேயே ஒவ்வோர் உயிருக்கும் ஒவ்வொரு விதமான தடை இருப்பதைக் காணலாம். அவற்றுள் நான் ஓரளவு அறிந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் இரண்டொரு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஓரிடத்தில் ஒரு காலத்தில் வாழும் ஓரினத்து உயிர்கள் அனைத்தையும் சேர்த்து இனத்தொகை என்கிறோம். இனத்தொகை கூடுவதற்கு இரண்டே வழிகள் உண்டு. பிறப்பு, வெளியிலிருந்து குடிவருதல். குறைவதற்கும் இரண்டே வழிகள். இறப்பு, வெளியே குடிபெயர்தல். எந்தக் காரணியானாலும் இந்நான்கில் ஒன்றைத் தொட்டுத்தான் தன் வேலையைச் செய்யவேண்டும். உயிர்கள் பெருக்குத் தொடரிலும் உணவு கூட்டுத் தொடரிலும் வளர்கின்றன என்று 1798இல் மால்தஸ் எழுதினார். பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் வெர்ஹல்ஸ்ட் 1838இல் அதற்கு ஒரு சமன்பாட்டைத் தந்தார். தொகை சிறிதாக இருக்கும்போது வேகமாக ஏறும். எல்லையை நெருங்க நெருங்க வேகம் குறையும். எல்லையைத் தொட்டதும் நின்றுவிடும். வரைபடத்தில் இது சாய்ந்து நிற்கும் ஒரு வளைவாக அமையும். அந்த எல்லைக்குத் தாங்குதிறன் என்று பெயர்.

(மனிதனை மட்டும் மால்தஸின் கணக்கில் அப்படியே அடக்கிவிட முடியாது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள்தாம். இதற்குப் பஞ்சமோ கொள்ளைநோயோ காரணமன்று. பெண்கல்வியும் மருத்துவ வசதியும் முன்னின்றன. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள், இங்கே விட்டுவிடுகிறேன்.)

வெர்ஹல்ஸ்டின் வளைவு எழுதுபலகையில் அழகாக இருக்கும். இயற்கை அவ்வளவு அடக்கமாக நடந்துகொள்வதில்லை. அலாஸ்காவை அடுத்த கடலில் செயின்ட் மாத்யூ என்றொரு ஆளற்ற தீவு உண்டு. அங்கே 1944இல் அமெரிக்கக் கடலோரக் காவற்படையினர் 29 கலைமான்களைக் கொண்டுபோய் விட்டனர். தின்னப் பாறைப்பாசி மண்டிக் கிடந்தது; ஓநாய் ஒன்றுகூட இல்லை. 1957இல் அவை 1,350 ஆயின. 1963இல் 6,000 ஆயின. அடுத்த குளிர்காலம் கடுமையாக வந்தது. 1966இல் ஆராய்ச்சியாளர் போய் எண்ணியபோது மிஞ்சியவை 42 மட்டுமே. எல்லையை நெருங்கும்போது அவற்றின் வேகம் குறையவில்லை. எல்லையைத் தாண்டி ஓடி, பாறைப்பாசியை வேரோடு தின்று தீர்த்த பிறகே விழுந்தன. உண்ணும் உணவு மெல்ல வளர்வதாகவும், உண்பவர் விரைவாகப் பெருகுவதாகவும், இடையில் அடக்குவார் இல்லாமலும் இருந்தால் வளைவு இப்படித்தான் முறியும்.

இதற்கு நேர்மாறான ஒரு செய்தி கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி சமவெளியிலிருந்து கிடைக்கிறது. அங்குள்ள காட்டுமாடு வகையான வில்டபீஸ்ட் 1961ஆம் ஆண்டளவில் இரண்டரை இலட்சம்தான் இருந்தது. புல்லுக்குக் குறைவில்லை, சிங்கங்களும் அவ்வளவையும் தின்னவில்லை. தடுத்து நிறுத்தியது மாட்டு வெக்கைநோய். சுற்றிலும் உள்ள வீட்டுமாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் நோய் ஒழிந்தது. 1977க்குள் தொகை 13 இலட்சத்தைத் தொட்டது. பிறகு ஏறவில்லை. காரணம், கோடைக்காலப் புல் அவ்வளவுக்குத்தான் போதுமானதாக இருந்தது. முதல் தடை நீங்கியதும் அதுவரை வேலையின்றிக் காத்திருந்த இரண்டாம் தடை முன்னே வந்து நின்றது. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. மேல் அணையைத் தாண்டிய நீர் நேராகக் கடலுக்குப் போய்விடுவதில்லை. அடுத்த அணையில் தேங்குகிறது. இனத்தொகையும் அப்படியே என்று வைத்துக்கொண்டால் பாடம் எளிதில் விளங்கும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் வயலுக்கு வரும் நீரின் அளவை முடிவுசெய்வது வழியிலுள்ள மிகக் குறுகிய மடைதான். ஜெர்மானிய வேதியியலார் லீபிக் பயிரின் சத்துகளைப் பற்றிச் சொன்ன குறுமவிதியும் இதுவே. எல்லாச் சத்தும் மிகுந்திருந்து ஒன்று மட்டும் குறைந்திருந்தால், அந்த ஒன்றின் அளவுக்குத்தான் பயிர் வளரும். மற்ற மடைகளை அகலப்படுத்துவதால் பயனில்லை.

அந்தக் குறுகிய மடை எல்லா ஆண்டும் ஒன்றாகவே இருக்கும் என்பதும் இல்லை. நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. குளத்துக்குள் இருக்கும் மரங்கள் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டு முற்றத்து மரங்களிலும் நாரைகள் கூடு கட்டுகின்றன. ஊரார் எச்சத்தையும் நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு அவற்றை விரட்டாமல் வாழ்கின்றனர். மழை நன்றாகப் பெய்து குளம் நிறைந்த ஆண்டில் மீனுக்குக் குறைவில்லை. அப்போது கூடு கட்ட மரக்கிளை கிடைப்பதுதான் எல்லை. மழை பொய்த்த ஆண்டில் மரங்கள் காலியாக நிற்கும். அப்போது எல்லை தண்ணீர். மரம் நட்டால் பறவை பெருகுமா என்று கேட்டால், எந்த ஆண்டில் என்று திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது. எங்களுக்கு அருகே, கடனாநதி வந்து கலக்கும் திருப்புடைமருதூரிலும் இத்தகைய கொக்கு மரங்கள் உண்டு. 2005இல் இந்தியாவின் முதல் பாதுகாப்பு ஒதுக்ககமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. பரப்பு 2.84 ஹெக்டேர்தான். பறவைகள் இரை தேடுவது சுற்றுவட்டார வயல்களிலும் குளங்களிலும் ஆற்றிலும்; அடைவதும் குஞ்சு பொரிப்பதும் இந்தச் சிறு தோப்பில். எவ்வளவு பெரிய வயல்வெளியின் பறவைகள் எவ்வளவு சிறிய இடத்தைச் சார்ந்து நிற்கின்றன என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். மருதமரங்கள் நாலைந்து சாய்ந்தால் அதன் விளைவு வயல் முழுதும் தெரியும்.

இனி, பகைவரைப் பற்றி. மண், நீர், வெயில் எல்லாம் பொருந்தியிருந்தும் ஓர் உயிர் அடங்கியிருந்தால், பெரும்பாலும் அதை யாரோ தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று பொருள். இதற்கு நம் நாட்டிலேயே உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. நம் நூல்களில் அதற்கு இரண்டு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியார் சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை இங்கே வளர்க்க விரும்பினர். 1795இல் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்கு ஒரு பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது சாயப்பூச்சியன்று. அதன் பங்காளி இனம். சாயம் தேறவில்லை. மாறாக, அது ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று அழித்தது. இதைக் கண்டு 1836–38ஆம் ஆண்டுகளில் அப்பூச்சியைத் தென்னிந்தியாவுக்கும் கொண்டுவந்து விட்டனர். ஒரு களையை அதன் பகைவனைக் கொண்டு அடக்கிய முதல் முயற்சிகளுள் ஒன்றாக இதை உலக நூல்கள் கூறுகின்றன. எனினும் நம் புன்செய்களில் புதராக மண்டியிருந்த வேறொரு கள்ளியினத்தை அப்பூச்சி தொடவே இல்லை. அதற்குரிய வேறு கொச்சினீல் இனம் 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளில் கள்ளிக்காடுகள் வாடிச் சரிந்தன. நாகதாளி என்றும் சப்பாத்திக்கள்ளி என்றும் நாம் சொல்லும் அச்செடி இன்றும் வேலியோரத்தில் அங்கங்கே நிற்கிறது. கூர்ந்து பார்த்தால் அதன்மேல் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளைப் பூச்சியும் இருக்கும். கள்ளி அற்றுப்போகவில்லை, பூச்சியும் அற்றுப்போகவில்லை. ஒன்றையொன்று தாழ்ந்த நிலையில் பிடித்துவைத்திருக்கின்றன. கள்ளி அடர்ந்தால் பூச்சி எளிதில் பரவும். அருகினால் பூச்சிக்கு இரை கிடைப்பது அரிது. இதைத்தான் அடர்த்தி சார்ந்த காரணி என்கிறோம்.

கள்ளிக்குப் பகைவனைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நெல்லுக்கு என்ன செய்தோம் என்றால், இருந்த பகைவனை நாமே கொன்றோம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் நம் மாணவருள் பாதிப்பேர் வீட்டில் கார், பிசானம் என இரு பூ நெல் பயிராகிறது.

புகையான் என்பது நெற்பயிரின் அடித்தண்டில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக ஒட்டியிருந்து சாறு உறிஞ்சும் பழுப்புநிறத் தத்துப்பூச்சி. பயிர் வட்டம் வட்டமாகப் புகை பட்டதுபோல் காய்ந்து போவதால் இப்பெயர். முட்டை முதல் முதிர்பூச்சி வரை மூன்று, நான்கு வாரங்களில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். ஒரு பெண்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். முன்பு இது சிறு பூச்சியாகவே கருதப்பட்டது. 1973இல் கேரளத்தில் பேரளவில் தோன்றியதும், அதே பத்தாண்டில் ஆசிய நெல்நாடுகள் பலவற்றை அலைக்கழித்ததும் வேளாண் வரலாறு. அதே காலத்தில்தான் குட்டை நெல் இனங்களும் யூரியாவும் பூச்சிமருந்தும் வயலுக்கு வந்தன.

சென்ற பிசானத்தில் என் தாய்மாமன் வயலுக்குப் போயிருந்தேன். அவர் வரப்பில் நின்றுகொண்டு கேட்டார்: “மருமவனே, நீ பூச்சிப் படிப்புத்தானே படிக்கே? மருந்தடிச்ச வயல்லதாம்ல புகையான் கூடுதலா விழுது. அடிக்காத வயக்காரன் சும்மா இருக்கான். இது என்னல கூத்து?”

“மருந்து புகையானை மட்டும் கொல்லலை மாமா. அதைத் தின்னுக்கிட்டு இருந்த எட்டுக்கால் பூச்சியையும் சேத்துக் கொன்னுட்டு. அதுக கொறஞ்சதால இது கூடுது” என்றேன்.

“எட்டுக்கால் பூச்சியையெல்லாம் எவன்ல எண்ணிக்கிட்டு இருந்தான்?” என்றார் அவர்.

அவர் கேட்டது வேடிக்கைக்காக என்றாலும், எண்ணவேண்டும் என்றே வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சொல்கிறது. ஒரு தூருக்கு ஒரு புகையான் இருந்தால் மருந்து தேவை. ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம் என்பது அதன் பொருளாதாரச் சேதநிலை அளவுகோல். பூச்சியை அடக்குவதில் சிலந்திக்கு உள்ள பங்கை இதைவிடச் சுருக்கமாக எந்தச் சூழ்நிலையியல் நூலும் சொல்லிவிட முடியாது.

நடப்பது இதுதான். ஓநாய்ச் சிலந்தி தண்டுக்குத் தண்டு தாவி நாள்தோறும் புகையானைப் பிடித்துத் தின்கிறது. நாவாய்ப்பூச்சி ஒன்று அதன் முட்டைகளை உறிஞ்சுகிறது. பலவகை மருந்தையும் தெளிக்கும் ஒருவன் இவ்விரண்டையும் கொன்றுவிடுகிறான்; வளர்ந்த புகையானும் ஓரளவு சாகிறது. ஆனால் இலையுறைக்குள் செருகி வைக்கப்பட்ட புகையான் முட்டைகள் பிழைத்துக்கொள்கின்றன. அவை பொரிக்கும்போது வயலில் பகைவர் இல்லை. சிலந்தி மீண்டும் பெருகிவர நாளாகும். புகையானுக்கு அவ்வளவு நாள் தேவையில்லை. போதாதற்கு, சில செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகள் குறைந்த அளவில் பட்டால் புகையான் முன்னைவிட அதிகமாக முட்டையிடுகிறது. தழைச்சத்து மிகுந்த பயிரின் சாறும் அதற்கு ஊக்கம் தருகிறது. ஆக, ஒரே உழவன் ஒரே பூவில் பகைவன் என்ற மடையைத் திறந்துவிட்டு, உணவு என்ற மடையையும் யூரியாவால் அகலப்படுத்திவிடுகிறான். பிறகு மிஞ்சும் தடை ஒன்றே: நெற்பயிர் தீர்ந்துபோவது.

இந்தோனேசிய அரசு இதைத் துணிந்து பின்னோக்கித் திருப்பிற்று. 1986இல் நெல்லுக்குத் தெளிக்கப்பட்டு வந்த 57 மருந்துகளை ஒரே ஆணையில் தடைசெய்தது. மருந்துக்கான மானியத்தையும் அடுத்த சில ஆண்டுகளில் நிறுத்தியது. நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. நம் பக்கத்தில் அம்பாசமுத்திரத்தில் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது; 1986இல் வெளியான அம்பை 16 நம் வயல்களில் வேரூன்றிய இனம். எத்தனை புதிய இனம் வந்தாலும், நடவின்போது இரண்டரை மீட்டருக்கு ஒருமுறை 30 சென்டிமீட்டர் இடைவெளி விடுவது, நீரை வடித்து வடித்துக் கட்டுவது, யூரியாவைப் பிரித்து இடுவது ஆகியவை மாறாமல் பரிந்துரைக்கப்படுகின்றன. காற்றும் வெளிச்சமும் தண்டின் அடியில் பட்டால் புகையானுக்கு ஒத்துக்கொள்ளாது. மருந்துக் கடைக்கு இதனால் வருமானம் இல்லை என்பதால்தானோ என்னவோ, இந்தச் செலவில்லாத வழி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

வயலை விட்டு மலைக்குப் போவோம். முண்டந்துறை 1962இலும் களக்காடு 1976இலும் சரணாலயங்களாயின. 1988இல் இரண்டும் இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. தமிழ்நாட்டில் இதுவே முதலாவது. புலிக்குப் பகைவர் என்று மனிதனைத் தவிர வேறு எவருமில்லை. அதன் தொகையை முடிவுசெய்வது இரை. ஒரு புலிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது மான் அளவுள்ள இரைவிலங்கு வேண்டும். இரைத்தொகையில் பத்திலொரு பங்கைத்தான் புலிகள் எடுக்க முடியும் என்பது உல்லாஸ் கரந்த் முதலியோரின் ஆய்வு முடிவு. அப்படியானால் ஒரு புலிக்குப் பின்னால் ஐந்நூறு மானும் மிளாவும் காட்டுமாடும் நிற்கவேண்டும். அவை நிற்க வேண்டிய புல்வெளியில் களைச்செடி மண்டினால், புலியின் எண்ணிக்கையைக் குறைத்தது களைச்செடி என்றே கணக்கெழுத வேண்டும். துப்பாக்கியைப் பறிமுதல் செய்வதால் மட்டும் இந்தக் கணக்குத் தீராது.

நான் அதிகம் கவலைப்படுவது புலியைப் பற்றியன்று, சோலைமந்தியைப் பற்றி. சிங்கவால் குரங்கு என்றும் இதைச் சொல்வர். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத உயிர். களக்காடு சரணாலயம் இதற்காகவே அமைக்கப்பட்டது. காடுகளில் மொத்தம் எஞ்சியிருப்பவை நாலாயிரத்துக்கும் குறைவு. இதன் உறவான நாட்டுக்குரங்கைப் பாபநாசம் கோயிலிலும் அகத்தியர் அருவியிலும் பார்க்காதவர் இல்லை. தேங்காய் மூடியையும் பழத்தையும் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும். இரண்டும் ஒரே பேரினம். ஒன்று தொல்லை என்று சொல்லும் அளவுக்குப் பெருகியிருக்க, மற்றொன்று அருகிக்கொண்டே போவானேன்?

நாட்டுக்குரங்கு தரையிலும் நடக்கும், பாறையிலும் ஏறும், எதையும் தின்னும். ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை குட்டி போடும். மனிதன் இரையைத் தந்து அதன் உணவுத்தடையை நீக்கிவிட்டான். சோலைமந்தியோ மரத்தை விட்டு இறங்க விரும்பாது. பெண்மந்தி முதல் குட்டியை ஈனும்போது அதற்கு வயது ஆறரை ஆகியிருக்கும். அடுத்த குட்டிக்கு இரண்டரை, மூன்று ஆண்டுகள் ஆகும். ஒரு தடவைக்கு ஒரே குட்டி. உணவிலும் அது தேர்ந்து தின்பது. மாஞ்சோலைக்கு மேலேயுள்ள கக்காச்சிப் பகுதிக் காடுகளில் வெடிப்பலா என்னும் மரம் மிகுதி. மற்றப் பழங்கள் குறைந்திருக்கும் காலத்தில் அம்மரத்தின் சதைப்பற்றான பூவும் விதையும் மந்திக்குக் கைகொடுக்கின்றன. வெளவாலும் மரநாயும் மற்றக் குரங்குகளும்கூட அந்தப் பூவை நாடி வருவதைக் கணேஷ், சௌபத்ரா தேவி ஆகிய ஆய்வாளர்கள் கக்காச்சியில் பல ஆண்டுகள் தங்கி எழுதியிருக்கின்றனர். ஆண்டு முழுவதும் கிடைக்கும் மொத்த உணவை வைத்து மந்தியின் எல்லையை அளக்கக் கூடாது. மிகக் குறைவாகக் கிடைக்கும் மாதத்தை வைத்தே அளக்கவேண்டும். செரங்கெட்டியின் கோடைப்புல்லும் நம் வெடிப்பலாவும் செய்வது ஒரே வேலை.

காடு தொடர்ச்சியாக இருக்கும்வரை இந்த மெதுவான பிறப்பு ஒரு குறையன்று. நூறு குட்டி போட்டு தொண்ணூற்றொன்பதை இழப்பது ஒரு வழி. ஒன்றைப் போட்டு அதைக் கவனமாக வளர்த்தெடுப்பது மற்றொரு வழி. ஆனால் காடு துண்டாகும்போது இரண்டாவது வழியில் செல்லும் உயிர் சிக்கிக்கொள்கிறது. மரக்கிளைகள் கோத்துநின்ற இடத்தில் தேயிலைத்தோட்டமோ அகன்ற சாலையோ வந்துவிட்டால், அதற்கு அப்பாலுள்ள கூட்டத்தோடு உறவு அற்றுப்போகிறது. முன்பு நான் குறிப்பிட்ட நான்கு வழிகளில் குடிவருதல் என்ற வழி அடைபடுகிறது. ஒரு சிறு கூட்டத்தில் நோயாலோ வேட்டையாலோ நாலு பெண்மந்திகள் ஓர் ஆண்டில் இறந்தால், அந்த இழப்பை ஈடுகட்டப் பத்தாண்டு போதாது. அதே இழப்பை நாட்டுக்குரங்குக் கூட்டம் விரைவில் சரிசெய்துவிடும். எனவே சோலைமந்திக்குப் பழம் கொண்டுபோய் வைப்பது உதவியாகாது. அதற்குக் குறுகிய மடை கிளைத்தொடர்ச்சி; தோட்டங்களுக்கு நடுவே நாட்டுமரங்களை வரிசையாக வளர்த்து, துண்டுகளை இணைப்பதே வேலை. மாஞ்சோலைத் தோட்டங்கள் 1929இல் சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்டவை. குத்தகைக்காலம் 2028இல் முடிகிறது. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த தொழிலாளரின் வாழ்வு ஒரு பெரிய கேள்வி. அதை ஒதுக்கிவிட்டு மந்தியை மட்டும் பேசுவது முறையன்று. ஆனால் அந்த நிலத்தில் அடுத்து என்ன வளரப்போகிறது என்பது சோலைமந்திக்கும் ஒரு கேள்விதான்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் அடர்த்தி சார்ந்தவை. அடர்த்தியைப் பொருட்படுத்தாத காரணிகளும் உண்டு. வெள்ளம் தலைகளை எண்ணிப் பார்த்து வருவதில்லை. 1992 நவம்பரில் வந்த தாமிரபரணி வெள்ளமும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டிய மழையோடு வந்த வெள்ளமும் அத்தகையவை. பத்து இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும் ஒரே விழுக்காட்டை அடித்துக்கொண்டு போகும். தொகையைத் திடீரெனக் குறைக்க அதனால் முடியும். ஒரு நிலையில் நிறுத்திவைக்க முடியாது. தண்ணீர் வடிந்த மறுநாளே மிஞ்சியவை பெருகத் தொடங்கிவிடும்.

இதை ஆகாயத்தாமரையில் நன்றாகப் பார்க்கலாம். நம் பக்கத்து வழக்கில் அமலைச்செடி. தென் அமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காக நாடு நாடாகக் கொண்டு செல்லப்பட்ட செடி. வசதியான நீரில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். அந்தக் கணக்கில் ஓராண்டில் 26 முறை இரட்டித்தால் ஒரு செடி 6 கோடியே 71 இலட்சம் செடிகளாகும். ஆண்டுதோறும் அணைக்கட்டுகளிலும் வாய்க்கால்களிலும் இயந்திரம் வைத்து இதை அள்ளுகிறார்கள். பாதியை அள்ளினால் இரண்டு வாரத்தில் பழைய நிலை. பத்தில் ஒன்பது பங்கை அள்ளினாலும் ஏழு வாரம் போதும். நூற்றில் தொண்ணூற்றொன்பதை அள்ளினால் மூன்று மாதத்துக்குச் சற்றே கூடுதல். அள்ளுவது வெள்ளத்தின் வேலையைச் செய்கிறது. அடர்த்தியைப் பிடித்துவைக்கும் வேலையை யாரும் செய்வதில்லை. அதற்கென அமலையைத் தின்னும் கூன்வண்டுகள் 1982இல் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டன. சில நீர்நிலைகளில் நல்ல பலன் தந்தன. ஆனால் சத்து மிகுந்த நீரில், வண்டு தின்னும் வேகத்தைவிடச் செடி தழைக்கும் வேகம் கூடிவிடுகிறது.

அமலைக்கு உணவு, நீரில் கரைந்துவரும் தழைச்சத்தும் மணிச்சத்தும். பாபநாசத்தில் பாறைகளுக்கிடையே துள்ளி ஓடும் ஆற்றில் அமலை தங்குவதில்லை. ஓட்டமும் தடை, சத்துக் குறைவும் தடை. வயல்களின் வடிகால்நீர் சேரச் சேர, ஊர்களின் சாக்கடை கலக்கக் கலக்க, அணைக்கட்டின் பின்னே நீர் அசையாமல் நிற்க நிற்க இரு தடைகளும் ஒன்றன்பின் ஒன்றாக விலகுகின்றன. திருநெல்வேலி நகரைத் தாண்டி மருதூரிலும் திருவைகுண்டத்திலும் பார்த்தால், ஆறு என்று சொன்னால்தான் ஆறு என்று தெரியும். பச்சைப் பாய் விரித்தாற்போல் கிடக்கும். மேலே தெளிந்து ஓடியதும் கீழே பாய்க்கடியில் நிற்பதும் ஒரே தண்ணீர்தான். இடையில் அதில் என்னென்ன வந்து விழுந்தன என்பதை, நகரத்துச் சாக்கடை வாய்கள் ஒவ்வொன்றிலும் நீர் மொண்டு சோதித்து எழுதிவைக்கலாம். இந்த வேலைக்கு நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உள்ள கருவிகளே போதும்.